சூடு போகும் வழியில்தான் காசும் போகிறது
வாசகர் கேள்வி – பதில்: மலைவீட்டுக் குளிர்காலச் செலவு

மார்கழி பிறந்ததிலிருந்து நீலகிரியிலிருந்தும் கொடைக்கானல் இருக்கும் பழனி மலைத்தொடரிலிருந்தும் வரும் கடிதங்களில் ஒரே கவலைதான். சிலிண்டர் சீக்கிரம் தீர்கிறது, கரண்ட் பில் ஏறுகிறது, விறகு வாங்கிக் கட்டவில்லை. கீழே ஊர்களில் சிக்கனம் என்றால் வாங்குவதைக் குறைப்பது. மேலே அப்படியில்லை. வாங்கிய சூட்டை வீட்டுக்குள் பிடித்து வைப்பதுதான் முதல் வேலை. அதனால் இந்த முறை சூடு சம்பந்தப்பட்ட கேள்விகளை மட்டும் எடுத்துக்கொள்கிறோம்.

கே: இட்லி மாவுப் பாத்திரத்தைக் கம்பளியில் சுற்றி வைத்தால் பொங்கும் என்று போன இதழில் எழுதியிருந்தீர்கள். இரண்டு கம்பளி சுற்றியும் மாவு வைத்தது வைத்தபடியே இருக்கிறது. பாக்கெட் மாவு வாங்கியே பணம் கரைகிறது. என்ன செய்யலாம்?
— வாசகி, உதகை

ப: குறை எங்கள் பதிலில்தான் அம்மா, பாதியைத்தான் சொன்னோம். கம்பளி சூடு தராது. இருக்கிற சூட்டை வெளியே விடாது, அவ்வளவுதான். உங்கள் மாவு பாத்திரத்தில் விழும்போதே சில்லென்று இருந்திருக்கும். குழாய்த் தண்ணீரில் ஊறிய அரிசி, அதே தண்ணீர் விட்டு அரைத்த உளுந்து, இரண்டும் சேர்ந்தால் மாவு 14, 15 டிகிரியில் நிற்கும். அதைக் கம்பளியில் சுற்றினால் காலை வரை குளிர்ச்சிதான் பத்திரமாக இருக்கும். மாவைப் பொங்க வைக்கும் நுண்ணுயிர்களுக்கு 28 முதல் 32 டிகிரி வேண்டும்.

ஆகவே முதலில் மாவு சூடாக இருக்க வேண்டும், பிறகு அந்தச் சூடு நிற்க வேண்டும். நான்கு பங்கு இட்லி அரிசி, ஒரு பங்கு முழு உளுந்து, ஒரு தேக்கரண்டி வெந்தயம். மூன்றையும் வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறப் போடுங்கள். குளிரில் ஊறல் மெதுவாக நடக்கும் என்பதால் 4 மணி நேரம் போதாது, 6 மணி நேரம் விடுங்கள். அரைக்கும்போது தெளிக்கும் தண்ணீரும் கை பொறுக்கும் சூட்டில் இருக்கட்டும். அரைத்து முடித்ததும் விரலை விட்டுப் பாருங்கள். குளிர்ச்சியும் தெரியக்கூடாது, சூடும் தெரியக்கூடாது. உப்புப் போட்டுக் கையால் அடிவரை கலந்து, முன்பு பொங்கிய மாவு இருந்தால் ஒரு குழிக்கரண்டி சேருங்கள். இந்த மலைக் குளிரில் உறை மாவு பெரிய உதவி.

இனி பெட்டி. மீன் கடையிலோ மருந்துக் கடையிலோ கிடைக்கும் பழைய தெர்மாகோல் பெட்டி போதும். சுவர் 2, 3 செ.மீ. தடிமன் இருக்க வேண்டும். மீன் பெட்டியானால் சோடா உப்புப் போட்டுக் கழுவி இரண்டு நாள் வெயிலில் காய வையுங்கள், இல்லாவிட்டால் இட்லியிலும் வாடை வரும். மாவுப் போசியைப் பாதிக்குமேல் நிரப்பாமல் நடுவில் வைத்து, இரண்டு பக்கமும் ஒரு லிட்டர் எவர்சில்வர் பாட்டில் இரண்டில் 60, 65 டிகிரி வெந்நீர் ஊற்றி மூடி நிறுத்துங்கள். குமிழி வந்து கொதிக்கிற நீர் வேண்டாம். பாட்டில் போசியைத் தொடாதபடி இடையில் ஒரு துண்டை மடித்து வையுங்கள். பெட்டியை மூடி, அதற்கு மேல் இப்போது கம்பளியைப் போர்த்துங்கள். படுக்கப் போகுமுன் ஒரு தரம் வெந்நீரை மாற்றினால் 10 முதல் 12 மணி நேரத்தில் மாவு எழும்பிவிடும்.

இதில் வரும் தவறுகள் இரண்டு. வெந்நீர்ப் பாத்திரத்தின் மேலேயே மாவை வைத்தால் அடிமாவு வெந்து கூழாகிவிடும். அந்தப் பகுதி மறுபடி பொங்காது. இன்னொன்று, மாவு புளித்த வாடை அடிக்கும், ஆனால் எழும்பாது. பெட்டி அளவுக்கு மீறிச் சூடானாலும் இப்படி ஆகும், உளுந்து பழையதானாலும் ஆகும். அரைத்த உளுந்தில் ஒரு சொட்டைத் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். மிதந்தால் உளுந்தில் குறையில்லை, பெட்டியைத்தான் பார்க்க வேண்டும்.

தயிருக்கும் இதே பெட்டிதான். பால் 42 டிகிரி அளவில், அதாவது சுண்டுவிரல் பொறுக்கும் சூட்டில், அரை லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி உறை. பாட்டில் ஒன்று போதும்.

கே: நான் திண்டுக்கல்லிலிருந்து கொடைக்கானலுக்குக் குடிவந்து ஆறு மாதம் ஆகிறது. அங்கே துவரம்பருப்புக்கு நான்கு விசில் விடுவேன். இங்கே எட்டு விட்டாலும் நறுக்கென்று இருக்கிறது. குக்கரை மாற்ற வேண்டுமா? சிலிண்டர் வேறு ஒரு வாரம் முன்னதாகவே தீர்கிறது.
— வாசகி, கொடைக்கானல்

ப: குக்கரில் குறையில்லை. உயரம் ஏற ஏற காற்றின் அழுத்தம் குறையும், அதனால் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும். கொடைக்கானலில் 93 டிகிரி, உதகையில் அதற்கும் சற்றுக் கீழே, குன்னூரில் 94-ஐ ஒட்டி. திறந்த பாத்திரத்தில் எவ்வளவு தீ வைத்தாலும் அதற்குமேல் ஏறாது. தீயைக் கூட்டினால் தண்ணீர்தான் சீக்கிரம் வற்றும். குக்கரின் வெயிட் வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேலே ஒரு குறிப்பிட்ட அளவைத்தான் கூட்டித் தரும். சமவெளியில் உள்ளே 121 டிகிரி வரும் என்றால் இங்கே 117 தான். நான்கு டிகிரி சின்ன வித்தியாசமாகத் தெரியும், ஆனால் பருப்புக்கு அது கால் பங்கு கூடுதல் நேரம்.

விசில் எண்ணுவதை விட்டுவிடுங்கள், நிமிடம் எண்ணுங்கள். ஒவ்வொரு விசிலும் நீங்கள் காசு கொடுத்துச் சூடாக்கிய நீராவி வெளியே போவதுதான். ஒரு டம்ளர் பருப்பை ஒரு மணி நேரம் வெந்நீரில் ஊறவைத்து, இரண்டரை டம்ளர் தண்ணீர், கொஞ்சம் மஞ்சள், நாலு சொட்டு எண்ணெய் விட்டு மூடுங்கள். முதல் விசில் வரை முழுத் தீ. பிறகு சிம்மில் 10 நிமிடம், வெயிட் அசைந்துகொண்டிருந்தால் போதும், அலற வேண்டாம். அணைத்த பிறகு வெயிட்டைத் தூக்காமல் 15 நிமிடம் விடுங்கள், அந்தச் சூட்டிலும் வேகும். புளியும் தக்காளியும் பருப்பு மசிந்த பிறகுதான். முதலிலேயே போட்டால் புளிப்பு பருப்பை இறுக்கிவிடும், எந்த ஊரானாலும் வேகாது.

இப்படிச் செய்தும் வெயிட் எழும்பத் தாமதமானால் மூடி ஓரத்தில் ஆவி கசிகிறதா என்று பாருங்கள். குளிரில் ரப்பர் கேஸ்கட் விறைத்துப் போகும். மூடுமுன் ஒரு நிமிடம் வெந்நீரில் போட்டு எடுத்தால் இளகும். அப்படியும் கசிந்தால் புதுசு மாற்றுங்கள், கசிவில் போகும் எரிவாயுவின் விலை அதைவிட அதிகம்.

கே: வைக்கோல் பெட்டிச் சமையல் என்று கேள்விப்பட்டேன். நம் மலைக்குச் சரிவருமா?
— வாசகர், குன்னூர்

ப: நம் மலையில்தான் அதற்கு முழுப் பலன் ஐயா. கொதித்த பாத்திரத்தை அடுப்பிலிருந்து இறக்கி, சூடு வெளியேறாத பெட்டிக்குள் வைத்தால் மிச்சத்தை அதுவே வேகவைத்துக்கொள்ளும்.

மரப்பெட்டியோ தடித்த அட்டைப்பெட்டியோ எதுவானாலும், பாத்திரத்தைச் சுற்றி, அடியில், மேலே எல்லாப் பக்கமும் 10 செ.மீ. அடைப்பு இருக்க வேண்டும். வைக்கோல் கூடலூர்ப் பக்கம் கிடைக்கும். மற்ற இடங்களில் நன்றாகக் காய்ந்த புல், மரப்பட்டறைச் சுருள், கிழிந்த கம்பளி எது இருந்தாலும் சரி. அது ஈரமாக இருந்தால் பயனில்லை, பூசணமும் பிடிக்கும். பாத்திரம் உட்காரும் குழியைப் பழைய போர்வைத் துணியால் தைத்து உறையிடுங்கள். மேலே மூட அதே அடைப்பு நிறைத்த தலையணை ஒன்று. பலருக்குத் தவறு இங்கேதான். பக்கமெல்லாம் நன்றாக அடைத்துவிட்டு மேலே வெறும் துண்டைப் போடுவார்கள், சூடு மேல்பக்கமாக ஓடிவிடும்.

சோறு: அரை மணி ஊறிய அரிசி ஒரு பங்கு, தண்ணீர் இரண்டு பங்கு. கொதி வந்து மூடியோடு 5 நிமிடம், பிறகு பெட்டியில் ஒரு மணி நேரம், திறந்து பார்க்காமல். பாத்திரம் முக்கால் அளவு நிறைந்திருக்க வேண்டும். பெரிய போசியில் ஒரு கைப்பிடி அரிசி வைத்தால் வேகுமுன் ஆறிவிடும். பருப்பு, கொண்டைக்கடலைக்கு இங்கே திறந்த பாத்திரம் வேண்டாம், நாம் 93, 94 டிகிரியிலிருந்தல்லவா தொடங்குகிறோம். குக்கரில் முதல் விசில் வந்து 5 நிமிடம் சிம்மில் வைத்து, வெயிட்டோடு குக்கரையே பெட்டியில் இறக்குங்கள். பருப்பு ஒரு மணியில், ஊறிய கொண்டைக்கடலை இரண்டரை மணியில் தயாராகும்.

ராஜ்மாவை மட்டும் இந்தப் பெட்டியில் வேகவைக்கவே கூடாது. அதில் இயற்கையாக இருக்கும் ஒரு நச்சுப் புரதம் நல்ல கொதியில்தான் அழியும். மிதமான சூட்டில் நெடுநேரம் இருந்தால் அழியாது, அரைவேக்காட்டில் சாப்பிட்டால் கடும் வாந்தி, வயிற்றுப்போக்கு வரும். இரவு முழுக்க ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, குக்கரில் சிம்மில் முழுசாக 20 நிமிடம் வேகவையுங்கள். எந்தச் சமையலானாலும் பெட்டியிலிருந்து எடுக்கும்போது ஆவி பறக்க வேண்டும். வெதுவெதுப்பாகத்தான் இருக்கிறதென்றால் மறுபடி கொதிக்கவிட்டுச் சாப்பிடுங்கள்.

கே: காலையில் அடுப்பு சிணுங்கிச் சிணுங்கி எரிகிறது. சிலிண்டரை ஆட்டினால் உள்ளே சத்தம் கேட்கிறது. வெந்நீர் ஊற்றினால் சரியாகும் என்கிறார்கள், செய்யலாமா?
— வாசகர், மன்னவனூர்

ப: வேண்டாம். சிலிண்டரின் மேல் கொதிநீர், அருகில் அடுப்பு, கரி, ஹீட்டர் எதுவும் கூடாது.

சமையல் எரிவாயு புரோப்பேனும் பியூட்டேனும் கலந்தது. சிலிண்டருக்குள் திரவமாக இருக்கும், ஆவியாகித்தான் குழாய்க்கு வரும். பியூட்டேன் பூஜ்ஜியத்துக்கு அரை டிகிரி கீழேதான் கொதிக்கும். உங்கள் ஊரில் தை மாத விடியலில் அடுக்களையே அந்தச் சூட்டை நெருங்கும்போது அது ஆவியாகத் திணறுகிறது. புரோப்பேன் முதலில் எரிந்துபோகும், பியூட்டேன் கடைசியில் மிஞ்சும். அதனால்தான் சிலிண்டர் தீரும் வாரத்தில் தொல்லை அதிகம். இன்னொன்று, எரிவாயு ஆவியாகும்போது மிச்சத் திரவத்தை இன்னும் குளிரவைக்கும். இரண்டு பர்னரையும் முழுசாகத் திறந்தால் சிலிண்டர் மேலும் விறைக்கும்.

சிமென்ட் தரையில் நேராக வைக்காமல் ஒரு பலகைமேல் வையுங்கள். வெளித் தாழ்வாரத்தில் இருந்தால், காற்றோட்டமுள்ள அடுக்களைக்குள் கொண்டுவாருங்கள். பள்ளத்தில், கீழறையில் வைக்காதீர்கள், கசிந்தால் இந்த வாயு காற்றைவிடக் கனம், அங்கேயே தங்கும். கடைசிக் கிலோவைக் காலையில் எரிக்கப் பார்க்காதீர்கள். இரண்டு சிலிண்டர் இருந்தால் புதியதைக் காலைக்கு மாட்டி, பழையதை வெயில் ஏறிய பிறகு மதியச் சமையலில் தீருங்கள்.

தீர்ந்ததா இல்லையா என்று ஆட்டிப் பார்க்க வேண்டியதில்லை. கழுத்துப் பட்டையில் காலி எடை பொறித்திருக்கும். தராசில் வைத்து அதைக் கழித்தால் வருவது எரிவாயு. புதுச் சிலிண்டரில் 14.2 கிலோ இருக்க வேண்டும், வாங்கும்போதே ஆளை நிறுத்தி எடை பாருங்கள், அது உங்கள் உரிமை. திருப்பிக் கொடுக்கும்போதும் பாருங்கள். குளிரில் எரியாத ஒரு கிலோவை அப்படியே திருப்பி அனுப்பும் வீடுகள் மேல்மலையில் உண்டு.

கே: எங்களுடையது பழைய கால வீடு. பெரிய மரச் சன்னல்கள், கணப்பு இருக்கிறது. ஆனால் கணப்பு எரிக்காத நாளில் அறை இன்னும் குளிர்கிறது. ரூம் ஹீட்டர் போட்டால் பில் பயமுறுத்துகிறது. குறைந்த செலவில் வழி உண்டா?
— வாசகி, கொடைக்கானல்

ப: முதலில் ஓட்டை தேடுங்கள். காற்றடிக்கிற மாலையில் அறைக் கதவுகளை மூடி, ஊதுபத்தியைக் கொளுத்திச் சன்னல் சட்டம், கதவு அடி, தரைப் பலகை ஓரம் என்று மெதுவாகக் கொண்டுபோங்கள். புகை எங்கே வளைகிறதோ அங்கே சாக்பீஸால் குறியுங்கள்.

எரியாத கணப்புதான் முதல் எதிரி. புகைபோக்கி அறையின் சூடான காற்றை இரவெல்லாம் உறிஞ்சி வெளியே விடும். அதனால்தான் எரிக்காத நாளில் உங்களுக்கு இன்னும் குளிர்கிறது. கோணிப்பையில் காய்ந்த புல்லோ கசக்கிய செய்தித்தாளோ திணித்து, புகைபோக்கியின் கழுத்தில் செருகுங்கள். ஈரம் தங்காதபடி இரண்டு விரல் இடைவெளி விடுங்கள். பையில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டிக் கணப்புக்குள் கண்ணில் படும்படி தொங்கவிட வேண்டும். பை இருப்பது தெரியாமல் யாராவது தீ மூட்டினால் வீடு முழுக்கப் புகை.

அடுத்து கண்ணாடி. பழைய சன்னலில் கண்ணாடியைப் பிடித்திருக்கும் மக்கு காய்ந்து உதிர்ந்திருக்கும். மக்கை வீட்டிலேயே பிசையலாம். பெயின்ட் கடையில் சாக் பவுடர் ஒரு கிலோ, லின்சீட் எண்ணெய் 200 மில்லி வாங்குங்கள். எண்ணெயைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுச் சப்பாத்தி மாவு பதத்துக்குப் பிசைந்து, கையில் ஒட்டாத வரை பொடி சேருங்கள். ஐந்தாறு நடுத்தரக் கண்ணாடிக்கு வரும். பழைய மக்கைச் சுரண்டியதும் மரப் பள்ளத்தில் அதே எண்ணெயை ஒரு பூச்சுத் தடவி ஒரு நாள் விடுங்கள். இந்தப் படியைத் தாண்டினால், காய்ந்த மரம் மக்கிலிருக்கும் எண்ணெயைக் குடித்துவிடும், ஒரே வருடத்தில் மறுபடி வெடிக்கும். விரலால் அழுத்தி, கத்தியால் சாய்வாக வழித்துவிடுங்கள். பெயின்ட் அடிக்க இரண்டு வாரம், பனிமூட்ட நாட்களில் மூன்று வாரம் பொறுக்க வேண்டும். லின்சீட் எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள். அது தானே சூடேறித் தீப்பிடிக்கும். வெளியே விரித்துக் காயவிட்டோ தண்ணீரில் நனைத்தோதான் அப்புறப்படுத்த வேண்டும்.

பார்சலில் வரும் குமிழி உறையைச் சேர்த்து வையுங்கள். கண்ணாடியில் தண்ணீர் தெளித்து, குமிழிப் பக்கம் கண்ணாடியைத் தொடும்படி ஒட்டினால் குளிர்காலம் முழுக்க நிற்கும். வெளிச்சம் வரும், வெளிக்காட்சி மங்கும். வடக்குப் பக்கச் சன்னலுக்குச் செய்யுங்கள். வெயில் விழும் தெற்குச் சன்னலை விட்டுவிடுங்கள், பகலில் அது இலவச ஹீட்டர். கதவடிக்கு, பழைய பேன்ட் காலைத் தைத்து மணல் நிரப்பிய நீளப் பை. திரைச்சீலை தரையைத் தொட வேண்டும், சூரியன் சாய்ந்ததுமே இழுத்து மூட வேண்டும்.

ஒன்றை மறக்காதீர்கள். இப்படி அடைத்த அறையில் கரிச்சட்டியோ கும்முட்டியோ வைத்துக்கொண்டு தூங்கக்கூடாது. கரி எரிந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, வாடையில்லை. தூக்கத்திலேயே உயிரைக் கொண்டுபோகும். சன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்தால் போதும் என்பதும் ஆபத்தான நம்பிக்கை. படுக்கைக்கு வெந்நீர்ப் பை போதும்.

கே: கீசரை எப்போதும் ஆனில் வைப்பது சிக்கனமா, தேவைப்படும்போது போடுவதா? வீட்டில் நான்கு பேர்.
— வாசகர், குன்னூர்

ப: தேவைப்படும்போதுதான். 15 லிட்டர் வாளித் தண்ணீரை 15 டிகிரியிலிருந்து குளிக்கிற 40 டிகிரிக்கு ஏற்ற 0.44 யூனிட் போதும். 25 லிட்டர் கீசரை 60 டிகிரிக்கு ஏற்ற 1.3 யூனிட் ஆகும். 2,000 வாட் கீசரானால் அதற்கு 40 நிமிடம். அந்த முழுத் தொட்டியைப் பச்சைத் தண்ணீர் கலந்தால் மூன்று வாளிக்கு வரும். ஒருவர் குளித்துவிட்டு மற்றவர் மாலையில் என்றால் மிச்சச் சூடு தொட்டியிலேயே ஆறிப்போகும். ஆகவே நான்கு பேரும் ஒருவர் பின் ஒருவராகக் குளியுங்கள். 40 நிமிடம் முன்பு போட்டு, இரண்டாமவர் போகும்போது அணைத்துவிட்டால் கடைசி ஆள் வரை வரும்.

குழாயையும் கவனியுங்கள். அரை அங்குலக் குழாய் 5 மீட்டர் ஓடினால் அதில் அரை முதல் ஒரு லிட்டர் வரை வெந்நீர் ஒவ்வொரு தடவையும் நின்று ஆறுகிறது. கீசரைக் குளியலறைக்குள்ளேயே வைப்பது நல்லது. முடியாவிட்டால் குழாய்க்கு நுரைக் குழாய் உறை மாட்டுங்கள்.

இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம், அதற்குமேல் அடுக்கு ஏற ஏற விலை ஏறும். 500 தாண்டினால் கீழ் அடுக்கில் கிடைத்த குறைந்த விலையும் போய்விடும். அதனால் குளிர்கால ரீடிங்கில் மாதம் இரண்டு முறையாவது மீட்டரைப் பாருங்கள். 500-க்குப் பக்கத்தில் நிற்கும்போது மிச்சப்படுத்தும் பத்து யூனிட், மற்ற நேரத்துப் பத்து யூனிட்டைவிடப் பல மடங்கு காசு.

கே: படுக்கையறைச் சுவரில், பீரோவுக்குப் பின்னால் கறுப்புப் பூசணம். இரண்டு வருடம் முன்பு நல்ல எமல்ஷன் அடித்தோம், அதுவும் பொக்குப் பொக்காக உரிகிறது. கல் சுவர், எண்பது வருட வீடு.
— வாசகி, உதகை

ப: பூசணத்துக்கும் பெயின்ட் உரிவதற்கும் காரணம் வேறு வேறு.

பூசணம் வருவது உங்கள் வீட்டு ஆவியால். சமைக்கிற ஆவி, உள்ளே காயப்போட்ட துணி, நாம் விடும் மூச்சு எல்லாம் சேர்ந்து குளிர்ந்த சுவரில் படிந்து தண்ணீராகிறது. பீரோவுக்குப் பின்னால் காற்றும் இல்லை, சூடும் இல்லை. பீரோவைச் சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளி, முடிந்தால் உள்சுவரோரம் வையுங்கள். காலையிலும் மதியத்திலும் பத்துப் பத்து நிமிடம் எதிரெதிர்ச் சன்னல்களை அகலத் திறங்கள். ஈரக் காற்று வெளியேறிவிடும், சுவர் ஆறாது. நாள் முழுக்க ஒரு சன்னலைக் கீறலாகத் திறந்து வைப்பதில் சூடுதான் போகும்.

துணியைப் படுக்கையறையில் காயப்போடாதீர்கள். பிழிந்த துணியைக் காய்ந்த துண்டில் சுருட்டி மிதித்து எடுத்து, ஒரே அறையில், சன்னலைக் கொஞ்சம் திறந்து, மின்விசிறியின் கீழ் போடுங்கள். 60 வாட் விசிறி எட்டு மணி நேரம் ஓடினால் அரை யூனிட்தான். 2,000 வாட் ஹீட்டர் ஒரே மணி நேரத்தில் இரண்டு யூனிட் தின்னும். துணியைக் காயவைப்பது ஓடுகிற காற்று.

பெயின்ட் உரிவதற்குக் காரணம், கல்லும் சுண்ணாம்புக் காரையும் வைத்துக் கட்டிய சுவர் ஈரத்தை இழுக்கும், பிறகு வெளியே விடும். எமல்ஷன் அதன் வாயை அடைத்துவிட்டது. சுரண்டி எடுத்துவிட்டுச் சுண்ணாம்பு அடியுங்கள். சுண்ணாம்பின் காரத்தில் பூசணம் எளிதில் பிடிக்காது, விலையும் மலிவு.

ஒரு கிலோ கிளிஞ்சல் அல்லது கல் சுண்ணாம்புக்கு 5 லிட்டர் தண்ணீர். இரும்பு டிரம்மில் முதலில் தண்ணீர், அதில் சுண்ணாம்பைச் சிறிது சிறிதாகப் போட வேண்டும். மாற்றிச் செய்தால் கொதித்துத் தெறிக்கும். பிளாஸ்டிக் வாளி உருகிவிடும். கண்ணாடி, கையுறை கட்டாயம், கண்ணில் பட்டால் பார்வை போகும். கிளறி 24 மணி நேரம் விட்டு, முரட்டுத் துணியில் வடிகட்டுங்கள். பத்து லிட்டருக்கு 40 கிராம் கோந்தை வெந்நீரில் கரைத்துச் சேர்த்தால் கையில் ஒட்டாது. வெண்மைக்குச் சிட்டிகை நீலம். சுவரை நனைத்து, பால் போல மெல்லியதாக மூன்று பூச்சு, ஒவ்வொன்றும் காய்ந்த பிறகு. கெட்டியாக ஒரே பூச்சில் முடிக்கப் பார்த்தால் செதிலாக உதிரும். உறைபனி விழும் வாரத்தில் வேண்டாம். மாசி கடைசி நல்ல நேரம்.

குளியலறை டைல்ஸ் இடுக்குப் பூசணத்துக்கு ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி பிளீச்சிங் பவுடர், பத்து நிமிடம் விட்டுக் கழுவவும். அதோடு கழிவறை ஆசிடையோ வினிகரையோ ஒருபோதும் கலக்காதீர்கள், நச்சு வாயு கிளம்பும்.

கே: விறகு டன் கணக்கில் வாங்குகிறோம். பாதி புகையாகத்தான் போகிறது.
— வாசகர், கோத்தகிரி

ப: பாதி தண்ணீரையே வாங்குகிறீர்கள் ஐயா. அப்போதுதான் வெட்டிய மரத்தின் எடையில் ஏறக்குறையப் பாதி தண்ணீர். அதை ஆவியாக்கவே தீயின் ஒரு பங்கு செலவாகும், குளிர்ந்த தீயில்தான் புகை அதிகம், அந்தப் புகை தாராகப் புகைபோக்கியில் படியும். தை, மாசியில் வாங்கி, அப்போதே பிளந்து, தென்மேற்கு மழைக்கு முன் காயவிடுங்கள். கற்பூர மரம் (யூகலிப்டஸ்) காய்ந்த பிறகு முறுக்கிக்கொண்டு கோடரிக்கு வழிவிடாது, பச்சையிலேயே பிளக்க வேண்டும். சீகை (வாட்டில் மரம்) நல்ல விறகு, நின்று எரியும். தேயிலைச் செடியில் கவாத்து செய்து எடுத்த மிலார் சீக்கிரம் பிடித்து வேகமாக எரியும். வெந்நீர் அடுப்புக்கு அது, சோற்று அடுப்புக்குச் சீகை.

தரையில் இரண்டு வரிசைக் கல், அதன்மேல் அடுக்கு, பட்டை மேல்பக்கம். மேலே மட்டும் தகரம், பக்கங்கள் திறந்திருக்கட்டும். தார்ப்பாயால் முழுக்க மூடுவதுதான் பலரும் செய்யும் தவறு, உள்ளேயே வியர்த்து அழுகும். இரண்டு துண்டைத் தட்டினால் கணீரென்று ஒலிக்க வேண்டும், முனையில் வெடிப்பு தெரிய வேண்டும். மந்தமாக ஒலித்தால் இன்னும் ஒரு மாதம். சொந்த நிலத்து மரமே ஆனாலும் வெட்டுமுன் கேளுங்கள். 1955-ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் இங்கே நடப்பில் இருக்கிறது.

சாம்பலை இரண்டு நாள் தகர டப்பாவில் மூடி வைத்த பிறகே கொட்டுங்கள், உள்ளே கங்கு உயிரோடு இருக்கும். நம் மலை மண் புளிப்பு மண் என்பதால் பூண்டு, கோஸ் பாத்திக்குச் சாம்பல் நல்லது. உருளைக்கும் தேயிலைக்கும் வேண்டாம்.

கே: குளிர்காலத்தில் பிரிட்ஜில் மேலே ஃப்ரீசர் உருகிவிடுகிறது. ரிப்பேரா?
— வாசகி, பூம்பாறை

ப: பெரும்பாலும் ரிப்பேர் இல்லை. ஒரே தெர்மோஸ்டாட் உள்ள பிரிட்ஜ் கீழ் அறையின் சூட்டைப் பார்த்துத்தான் ஓடும். உங்கள் அடுக்களையே 8 டிகிரியில் இருந்தால் அது ஓட வேண்டிய தேவையைக் காண்பதில்லை, ஃப்ரீசர் இளகிவிடும். மெக்கானிக்கை அழைக்குமுன் பிரிட்ஜைச் சமையல் நடக்கும் பக்கம் நகர்த்திப் பாருங்கள். ஃப்ரீசரில் இறைச்சி, மீன் வைக்கும் வழக்கம் இல்லையென்றால் தை முடியும் வரை அணைத்துக் கதவைத் திறந்தே விடுங்கள். பாலைக் காய்ச்சி வடக்குச் சன்னலோரம் வைத்தால் மறுநாள் காலை வரை தாங்கும்.